இன்ரர்போலின்ர 'ஐடென்டிஃபை மீ': கிளிநொச்சியில இருந்து ஒரு ரிவியூ

ஐஞ்சுக்கு நாலு குடுப்பன். ஒண்டு ஏன் குறைஞ்சதெண்டு கீழ வரும். போன், கடை, சாப்பாடு எண்டு எல்லாத்துக்கும் ரிவியூ எழுதுறம், ஆனா ஐரோப்பாவில பேர் தெரியாமல் கிடைச்ச பொம்பிளையளின்ர உடலை ஆரெண்டு சனத்திட்டக் கேக்கிற இப்பிடி ஒரு சேவை காசில்லாமல் திறந்து கிடக்கெண்டு எங்கட பக்கத்தில கனபேருக்குத் தெரியாது. வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டு நடுவழியில தொடர்பு அறுந்துபோன பிள்ளையை இன்னும் பாத்துக்கொண்டிருக்கிற வீடுகள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எண்டு எல்லா இடமும் இருக்கு. அதால கொஞ்சம் நீட்டியே எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல விசயம் என்னெண்டு சொல்லுறன். இன்ரர்போல் எண்டால் நாடு நாடாப் பொலிசைச் சேத்து வைச்சிருக்கிற அமைப்பு, தலைமையகம் பிரான்சில லியோன் நகரத்தில. 196 நாடு மெம்பர், இலங்கையும் அதுக்குள்ள. அவை நிறம் நிறமா நோட்டீஸ் விடுவினம். சிவப்பு எண்டால் தேடப்படுற ஆள், அது செய்தியில கேட்டுக் கேட்டு எல்லாருக்கும் பழக்கம். மஞ்சள் எண்டால் காணாமல் போன ஆள். கறுப்பு எண்டால் உடல் கிடைச்சிருக்கு, ஆரெண்டு தெரியேல்ல. இந்தக் கறுப்பு நோட்டீஸ் இவ்வளவு காலமும் பொலிசுக்கும் பொலிசுக்கும் இடையில மட்டும்தான் ஓடித் திரிஞ்சது, சனத்தின்ர கண்ணில படாது. 2023 மே மாசம் பெல்ஜியம், ஜெர்மனி, நெதர்லாந்து மூண்டும் சேந்து 22 பொம்பிளையளின்ர நோட்டீஸில இருந்து கொஞ்ச விபரத்தை முதல் முதலா வெளியில விட்டவை, அதுதான் இந்த சேவை. 2024 அக்டோபரில பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினும் சேர, வழக்குகள் 45க்கு மேல போயிற்றுது. எல்லாம் பொம்பிளையள்தான். கனபேர் கொலை செய்யப்பட்டவை, மிச்சப்பேரின்ர சாவு சந்தேகமானது இல்லாட்டி காரணம் விளங்காதது. ஆகப் பழசு 1976, நெதர்லாந்தில பெரிய றோட்டுக்கரை வாகனத் தரிப்பிடம் ஒண்டடியில கண்டெடுத்த ஒரு இளம் பெட்டை.

ஏன் இதை நாடு நாடாச் சேந்து செய்யவேணும் எண்டு கேட்டால், அங்கத்தைய பொலிசே சொல்லுற காரணம் இதுதான்: இந்தப் பொம்பிளையளில கொஞ்சப்பேர் வேற நாட்டில இருந்து வந்தவையா இருக்கலாம், சிலபேரை ஒரு நாட்டில கொலை செய்துபோட்டு உடலை அடுத்த நாட்டில போட்டிருக்கலாம், ஆரெண்டு தெரியக்கூடாதெண்டே அப்பிடிச் செய்திருக்கலாம். 1995ல ஷெங்கன் எண்ட எல்லை திறக்கிற ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த நாடுகளுக்க எல்லையில நிப்பாட்டிச் செக் பண்ணுறது இல்லாமல் போச்சு, பெல்ஜியத்தில காரை எடுத்தால் கொஞ்ச நேரத்தில ஜெர்மனியோ பிரான்சோ எங்கயும் போயிரலாம், ஆனா பொலிசின்ர ஃபைல் மட்டும் அந்தந்த நாட்டு அலுமாரிக்க கிடந்தது, ஒரு நாட்டில காணாமல் போனவவின்ர ஃபைலும் பக்கத்து நாட்டில பேரில்லாமல் தாட்டவவின்ர ஃபைலும் ஒண்டையொண்டு காணாமலே வருசக்கணக்காக் கிடந்திருக்கு. அம்ஸ்டர்டாமில 1999ல ஆத்துக்க ஒரு சக்கரம் பூட்டின குப்பைத்தொட்டி, உள்ளுக்க கொங்கிறீட், அதோட ஒரு பொம்பிளை. அந்த வழக்கில முட்டுப்பட்டு நிண்ட டச்சுப் பொலிஸ் மற்ற நாடுகளிட்ட உதவி கேட்டதில இருந்துதான் இந்த வேலை தொடங்கினது.

இப்ப பாவிச்சுப் பாத்த கதைக்கு வாறன்.

ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம். எந்த நாடு, எந்த இடம், எந்த வருசம், வயசு எவ்வளவு இருக்கலாம், தலைமயிர் என்ன நிறம், என்ன உடுத்திருந்தவா, மோதிரம், சங்கிலி, பச்சை குத்தினது. பிறகு மண்டையோட்டை வைச்சோ பழைய படங்களை வைச்சோ திருப்பிக் கட்டின முகம். கீழ ஒரு படிவம், அதை நிரப்பி அனுப்பினால் அந்த வழக்கை வைச்சிருக்கிற நாட்டுப் பொலிசுக்குப் போகும். நான் பாத்த பக்கங்களில இரத்தம், காயம் எண்டு பயமுறுத்துற படம் இல்லை, எல்லாத்தையும் மரியாதையா வைச்சிருக்கினம், அதுக்கு முழு மார்க். படங்கள் கனக்க எண்டபடியால் சிக்னல் குறைஞ்ச பக்கத்தில லோட் ஆக மினக்கெடும். ஒட்டுசுட்டான் பக்கம் போகேக்க ஒருக்காத் திறந்து பாத்தன், முகம் வர முதலே ஸ்க்ரீன் அணைஞ்சு போச்சு.

எங்கட ஒழுங்கையில ஒரு அக்கா இருக்கிறா. அவவின்ர தங்கச்சி சண்டை முடியிறதுக்கு முதலே ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவா, மொஸ்கோவில இருந்து ஒரு கோல், அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. முறைப்பாடு குடுக்கப் போன இடத்தில, அந்த இடத்தின்ர பேர் இதுக்கு வேண்டாம், "வெளிநாட்டில தொலைஞ்சதுக்கு நாங்கள் என்ன செய்யிறது" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டினம். அவவோட விறாந்தையில இருந்து போனில ஒவ்வொரு பக்கமாத் திறந்து நான் வாசிச்சுத் தமிழில சொல்லச் சொல்ல அவா கேட்டா. அவா முகத்தைப் பெருசாப் பாக்கேல்ல. "முகம் விடு தம்பி, அது ஆரோ கட்டினது. காது எத்தினை ஓட்டை எண்டு போட்டிருக்கோ? தோள்மூட்டில ஊசித் தழும்பு? முன்பல்லு ஒண்டு சாடையா ஏறியிருக்கும், பல்லுக் கதை ஏதும் கிடக்கோ?" எண்டு கேட்டுக்கொண்டே இருந்தா. அப்பதான் எனக்கு இந்த சேவையின்ர அருமை விளங்கினது. பொலிஸ் எவ்வளவு மெசின் வைச்சிருந்தாலும் காதில எத்தினை ஓட்டை எண்டு கூடப்பிறந்தவளுக்குத்தான் தெரியும், அந்தக் கூடப்பிறந்தவள் எந்த நாட்டில எந்த ஒழுங்கையில இருக்கிறாள் எண்டு பொலிசுக்குத் தெரியாது, அவளைத் தேடிப் போக ஏலாததாலதான் அவையள் படத்தை வெளியில விட்டவை.

தங்கச்சி மாதிரி ஒராளும் அதில இல்லை. அக்கா பெருமூச்சு விட்டுட்டு, பிரான்சில இருக்கிற மச்சாளுக்கு லிங்கை அனுப்பச் சொன்னா, மற்றப் பிள்ளையளுக்காக.

இது வேலை செய்யுமோ எண்டு கேக்கிற ஆக்களுக்கு: செய்திருக்கு. முதல் கிடைச்ச விடை அன்ட்வெர்ப்பில. 1992 ஜூன் மாசம் ஆத்தில எடுத்த ஒரு பொம்பிளை, கொலை. இடது முன்கையில பச்சை குத்தினது, கறுப்புப் பூ, பச்சை இலை, கீழ 'ஆர் நிக்' எண்டு எழுத்து. 2023ல அந்தப் பச்சையின்ர படம் பீபீசி செய்தியில போக, பிரித்தானியாவில இருந்த அவவின்ர குடும்பம் கண்டு அடையாளம் சொன்னது. றீட்டா றொபேட்ஸ், வேல்ஸ் ஆள், கார்டிஃபில இருந்து அந்த வருசம் பெப்ரவரியில பெல்ஜியம் போனவா, மே மாசம் வீட்டுக்கு ஒரு போஸ்ட் கார்ட், அதுதான் கடைசி. சாகேக்க வயசு 31. பேரில்லாமல் கிடந்ததும் 31 வருசம். நவம்பரில பேரை வெளியில சொன்னவை. நான் இதை வாசிச்சுப்போட்டுக் கன நேரம் போனைக் கீழ வைச்சிட்டு இருந்தன்.

ரெண்டாவது 2025 மார்ச்சில. ஸ்பெயினில ஜிரோனாப் பக்கம் அல்பொன்ஸ் எண்ட ஊரில, 2018ல கோழிக்கொட்டில் ஒண்டுக்க கிடைச்ச உடல். பராகுவே நாட்டுப் பொம்பிளை, 33 வயசு, 2013ல ஸ்பெயினுக்கு வந்தவா. சகோதரன் 2019லயே காணேல்லை எண்டு முறையிட்டிருக்கிறார். ஸ்பெயினில இருந்து வந்த கைரேகையைப் பராகுவேக்காரர் தங்கட பதிவோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் ஆரெண்டு தெரிஞ்சது. சாவுக்குக் காரணம் இன்னும் விளங்கேல்லை, அதால அதைக் கொலை எண்டு நான் எழுத மாட்டன். மூண்டாவது அதே வருசம் செப்டெம்பரில. பார்சலோனாவுக்குப் பக்கத்தில வில்லாடெகான்ஸ், 2005 ஜூலை, றோட்டுக்கரையில ரோஸ் நிற மேற்சட்டை, ரோஸ் காற்சட்டை, ரோஸ் சப்பாத்து. 20 வருசமா அந்த உடுப்புத்தான் அவவுக்குப் பேர். கைரேகையைத் துருக்கிப் பொலிஸ் தங்கட பதிவில ஓடவிட, அங்க மாட்டுப்பட்டது, ரஷ்யப் பொம்பிளை, 31 வயசு, பிறகு கிட்டின சொந்தம் ஒராளின்ர டிஎன்ஏயால உறுதிப்படுத்தினவை.

மூண்டையும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ. உடல் கிடந்தது பெல்ஜியத்திலயும் ஸ்பெயினிலயும். விடை கிடந்தது பிரித்தானியாவில, பராகுவேயில, துருக்கியில. ஒரு நாட்டுப் பொலிஸ் தன்ர ஊருக்க எவ்வளவு ஓடினாலும் பிடிபடாத விடை அது. அதேநேரம் உள்ளதையும் சொல்லோணும், பேர் கிடைச்சதோட வழக்கு முடியேல்லை, றீட்டாவைக் கொலை செய்தவன் ஆரெண்டு இன்னும் தெரியாது, பெல்ஜியப் பொலிஸ் அந்தக் காலத்தில அவவைக் கண்ட ஆக்கள் ஆரும் இருந்தால் சொல்லுங்கோ எண்டு கேட்டுக்கொண்டிருக்கு. ஆனா ஆரெண்டே தெரியாத ஆளின்ர கடைசி நாளை எங்கயிருந்து விசாரிக்கத் தொடங்கிறது? ஆரோட பழகினவா, எந்த வீட்டில இருந்தவா, ஆரிட்டக் காசு வாங்கினவா எண்ட கேள்வி எல்லாம் பேர் தெரிஞ்ச பிறகுதான் கேக்கலாம்.

இந்த இடத்தில ஒரு விசயம் வடிவாச் சொல்லோணும். இதைப் பாக்கிற கன ஆக்கள் உடன ரெண்டு பக்கத்தைப் பக்கத்தில வைச்சு, ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரித் தலைமயிர், ரெண்டும் பெருந்தெருக் கரை, அப்ப ஒரே ஆளின்ர வேலைதான் எண்டு எழுதத் தொடங்கீருவினம். எல்லை தாண்டிக் கொலை செய்தவங்கள் இருந்தது உண்மை. ஜெர்மன் லொறி ட்ரைவர் ஒருத்தன், பிரான்ஸ், ஸ்பெயின் எண்டு ஓடின றோட்டுகளில பொம்பிளையளைக் கொலை செய்ததா ஒப்புக்கொண்டவன், 2006ல ஸ்பெயினில ஒரு உடல் கிடந்த இடத்துக்குப் பக்கத்துக் கமராவில அவன்ர லொறி விழுந்தபடியால்தான் கொலோன் பக்கம் வைச்சுப் பிடிச்சவை, வழக்கு நடக்க முதலே 2007ல மறியலில செத்துப் போனான். ஒஸ்ரியாவில யாக் உன்ரர்வேகர் எண்டவன், ஒஸ்ரியா, பிராக், லொஸ் ஏஞ்சல்ஸ் எண்டு மூண்டு நாட்டில செய்த கொலையளுக்கு 1994ல கிராஸ் நகரத்துக் கோட்டில தீர்ப்பு வந்தது, ஒன்பது கொலை. அந்தந்த நாட்டுப் பொலிஸ்காரர் இருந்து கதைச்சிருக்காட்டி அது ஒரு நாளும் ஒண்டாச் சேந்திராது.

ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. ஜெர்மனி, ஒஸ்ரியா, பிரான்ஸ் மூண்டு நாட்டிலயும் கொலை, களவு எண்டு 40 சம்பவ இடங்களில ஒரே பொம்பிளையின்ர டிஎன்ஏ. 2007ல ஹைல்புரொன் நகரத்தில ஒரு பொம்பிளைப் பொலிசைச் சுட்டுக் கொலை செய்த வழக்கிலயும் அதே டிஎன்ஏ. வருசக்கணக்கா அவளைத் தேடினவை, சன்மானமும் அறிவிச்சவை. 2009ல பாத்தால், டிஎன்ஏ எடுக்கிற பஞ்சுக்குச்சி செய்யிற ஃபக்டரியில வேலை செய்த ஒரு அப்பாவிப் பொம்பிளையின்ர டிஎன்ஏ அது. கிருமி கொல்லுறதும் டிஎன்ஏயை இல்லாமல் செய்யிறதும் ரெண்டு வேற விசயம், குச்சியில கிருமி இல்லை, டிஎன்ஏ இருந்தது. அப்பிடி ஒரு கொலைகாரி உலகத்திலயே இல்லை. அந்தப் பொலிசைக் கொலை செய்த நவநாஜிக் கூட்டம் வெளிச்சத்துக்கு வந்தது 2011ல. விஞ்ஞானத்தைப் படிச்சுப்போட்டு வேலை செய்யிற ஆக்களையே இல்லாத தொடர்பு இவ்வளவு காலம் இழுத்துக்கொண்டு போயிருக்கெண்டால், நாங்கள் போனில ரெண்டு படத்தைப் பாத்துட்டுத் தொடர்பு கட்டுறது எவ்வளவு ஆபத்து. இந்த சேவையில எனக்குப் பிடிச்சதே அவையள் அந்த வேலையைச் செய்யாததுதான். இவ ஆரெண்டு தெரியுமோ எண்டு மட்டும் கேக்கினம். கொலைகாரன்ர கதை ஒண்டும் கட்டேல்லை.

எங்கட சனத்துக்கு இந்த முறை புதுசில்லை எண்டதையும் சொல்லோணும். யாழ்ப்பாணத்தில செம்மணிப் புதைகுழியில தோண்டி எடுத்த உடுப்பு, வளையல், சப்பாத்து, பிள்ளையின்ர நீலப் புத்தகப்பை எல்லாத்தையும் 2025 ஆகஸ்ட் 5ஆம் திகதி கோட்டின்ர உத்தரவில சனத்துக்குக் காட்டினவை, பாத்துச் சொல்லுங்கோ எண்டு. முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில 2023 ஜூன் மாசம் தண்ணிக் குழாய்க்குக் கிண்டேக்க எலும்பும் உடுப்பும் வந்தது. கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடுற அம்மாமார் 2017 பெப்ரவரியில இருந்து படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவை. அங்க ஐரோப்பாவில உடல் கிடக்கு, பேர் இல்லை. இஞ்ச பேர் இருக்கு, உடல் இல்லை. பொருளைக் காட்டி ஆளைத் தேடுறது எவ்வளவு கனமான வேலை எண்டு வன்னியில ஒருத்தருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை, அதாலதான் இதை அங்கத்தைய ஆக்களை விட நாங்கள் கவனமாப் பாப்பம் எண்டு நான் நம்புறன்.

இதோட சேத்து அறிய வேண்டிய இன்னொண்டு, ஐ ஃபெமிலியா. 2021ல இன்ரர்போல் தொடங்கினது. காணாமல் போன ஆளின்ர டிஎன்ஏ எங்களிட்ட இருக்காது, ஆனா தாய் தேப்பன், பிள்ளை, சகோதரத்தின்ர டிஎன்ஏ குடுத்தால், வேற நாடுகளில பேர் தெரியாமல் கிடக்கிற உடல்களோட அதை ஒப்பிட்டு, சொந்தமா இருக்கலாமோ எண்டு கணக்குப் போட்டுச் சொல்லும். டச்சு ஆக்கள் செய்த பொனபார்ட் எண்ட சொஃப்ட்வெயர்தான் அந்தக் கணக்கைப் போடுறது. குடும்பத்தின்ர சம்மதம் இல்லாமல் எடுக்கேலாது, பேரும் அந்தப் பதிவில போகாது. நேர நாங்கள் லியோனுக்கு அனுப்பவும் ஏலாது, சொந்த நாட்டுப் பொலிசுக்குள்ளாலதான் போகவேணும். அந்தக் கடைசி வசனத்திலதான் எங்கட கஷ்டம் முழுக்கக் கிடக்கு, பொலிசடிக்குப் போய் டிஎன்ஏ குடு எண்டு இஞ்ச இருக்கிற ஒரு அம்மாட்ட லேசாச் சொல்லேலுமோ? வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் அந்தந்த நாட்டுப் பொலிசில கேட்டுப் பாக்கிறது சுகம் எண்டு நினைக்கிறன், சகோதரத்தின்ர டிஎன்ஏயும் உதவும்.

பல்லில இருந்தும் கனக்க எடுக்கினம். சின்ன வயசில குடிச்ச தண்ணி, சாப்பிட்ட சாப்பாட்டின்ர அடையாளம் பல்லின்ர மேல்பூச்சில பதிஞ்சு நிக்குமாம். நோர்வேயில பேர்கன் பக்கம் 1970ல எரிஞ்ச நிலையில கிடைச்ச ஒரு பொம்பிளை, உடுப்பில லேபிள் எல்லாம் வெட்டி எடுத்திருந்தது, அவவின்ர பல்லை இத்தினை வருசம் கழிச்சு ஆராஞ்சு, ஜெர்மனியில நூரம்பேர்க் பக்கம் வளந்தவவா இருக்கலாம் எண்டு சொன்னவை. பேர் இன்னும் இல்லை. இது இந்த சேவைக்குள்ள வாற வழக்கில்லை, ஆனா வாசிச்சுக்கொண்டு போகேக்க நினைச்சன், எங்கட கிணத்துத் தண்ணி குடிச்சு வளந்த பல்லு எங்க போய்க் கிடந்தாலும் அது தெரியுமாக்கும்.

இப்ப குறைச்ச ஒரு மார்க்குக்கு வாறன். முதலாவது தமிழ் இல்லை. இங்கிலீஷ் வாசிக்கிற ஒராள் பக்கத்தில இருந்தால்தான் எங்கட அம்மாமார் பாக்கலாம். தமிழ்ச் சனம் இவ்வளவு பேர் ஐரோப்பாவுக்குப் போயிருக்கேக்க ஒரு பக்கத்தையாவது தமிழில போட்டிருக்கலாம். ரெண்டாவது, ஆறு நாடு மட்டும். எங்கட ஆக்கள் போன பாதை ரஷ்யா, பெலாருஸ், உக்ரேன், போலந்து எண்டு கிழக்கால, அந்தப் பக்கத்து நாடு ஒண்டும் இதில இல்லை. மூண்டாவது பொம்பிளையள் மட்டும். ஏன் அப்பிடித் தெரிஞ்செடுத்தவை எண்டு விளங்குது, பொம்பிளையளுக்கு நடக்கிற கொடுமையும் ஆக்களைக் கடத்துறதும் எல்லை தாண்டிப் போற விசயம், அதைக் குறை சொல்லேல்லை. ஆனா குளிரிலயும் லொறிக்குள்ளயும் ஆத்திலயும் போனது எங்கட பெடியளும்தான், அவையளுக்கும் இப்பிடி ஒண்டு வரவேணும் எண்டு நான் மனசார எதிர்பாக்கிறன்.

பாக்கப் போறவைக்கு சில விசயம். சின்னப் போனில பாக்காதையுங்கோ, நகை, பச்சை எல்லாம் பெருசாக்கிப் பாத்தால்தான் விளங்கும், நூலகத்திலயோ கொம்யூனிகேசன் கடையிலயோ பெரிய ஸ்க்ரீனில திறவுங்கோ. வயசான ஆக்களைத் தனிய விட்டுப் பாக்க விடாதையுங்கோ, பக்கத்தில ஒராள் இருங்கோ. பாக்க முதல் வீட்டில இருந்து உங்கட ஆளின்ர உயரம், தழும்பு, மச்சம், காது ஓட்டை, உடைஞ்ச கை கால், பல்லுக் கட்டினது, கடைசியா உடுத்த உடுப்பு எல்லாம் ஒரு கொப்பியில எழுதுங்கோ, மறதி வர முதல் எழுதுங்கோ, பாஸ்போட் கொப்பி, பழைய எக்ஸ்ரே இருந்தால் அதோட வையுங்கோ. ஏதும் ஒத்துப்போனால் ஃபேஸ்புக்கில போடாமல் அந்தப் பக்கத்திலயே இருக்கிற படிவத்தில அனுப்புங்கோ. வெளிநாட்டில தேடித் தாறம் எண்டு காசு கேக்கிறவனுக்கு ஒரு சதமும் குடுக்காதையுங்கோ, இந்த சேவைக்குக் காசே இல்லை. இஞ்ச முறைப்பாடு குடுக்கப் போனால் முறைப்பாட்டு இலக்கம் எழுதின துண்டைக் கேட்டு வாங்குங்கோ, பிறகு வெளிநாட்டுப் பொலிசோட கதைக்கேக்க முதல் கேக்கிறதே அதுதான்.